உஷார்! மருந்து நெடியை மணி பிளான்ட் குடிக்காது

வீட்டுக்குள் நாலு தொட்டிச் செடி வைத்தால் பட்டாசு மருந்து நெடி போய்விடும், அச்சக மை வாடை அடங்கிவிடும், பிள்ளையின் இளைப்பு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் கண்டிப்பாக நம்பாதீர்கள். வேறு ஊரில் இந்தப் பேச்சை நம்பினால் காசு போகும், அவ்வளவுதான். இங்கே நம்பினால் நெஞ்சுக்குக் கேடு. சில வீடுகளில் உயிருக்கே கேடு.

செடி வளர்ப்பதைக் குறை சொல்ல வரவில்லை. இந்தக் கந்தக பூமியில் கோடை வெயிலில் ஒரு பச்சை இலையைப் பார்த்தாலே கண்ணுக்கு இதம். அதற்காக எத்தனை தொட்டி வேண்டுமானாலும் வையுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் என்று நினைத்து வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கத்து நர்சரி ஒன்றில் பாம்புச்செடித் தொட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். விற்பவர் சொன்னது இது: “அண்ணாச்சி, இதப் பெட்ரூம்ல வைங்க. ராத்திரி பூரா ஆக்சிஜன் விடும். நாசாக்காரனே சொல்லிருக்கான்.” விலை பக்கத்தில் இருந்த செம்பருத்தியைப் போல இரண்டு மடங்கு. நாசா பெயருக்கு அவ்வளவு மவுசு.

நாசா உண்மையிலேயே ஓர் ஆய்வு செய்தது. 1989-ல் வெளிவந்தது. உல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும், அலங்காரச் செடித் தொழில் செய்பவர்களின் சங்கத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு. காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடி போன்ற பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ட்ரைகுளோரோஎத்திலீன் ஆகிய மூன்று வாயுக்களை உள்ளே செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. அதில் இலை செய்த வேலையைவிட வேர் மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் செய்த வேலை கணிசம். சில சோதனைகளில் மண்ணோடு கரியைச் சேர்த்து, ஃபேன் வைத்துக் காற்றை வேர் வழியாக இழுக்கவும் செய்தார்கள். விண்வெளியில் அடைத்த கூண்டுக்குள் வாழப்போகிற மனிதனுக்காக யோசித்தது அது.

நம் வீடு அடைத்த பெட்டியா? கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு, கூரை ஓரம் என்று காற்று போய் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் போக்குவரத்தே செடி செய்வதைவிடப் பல மடங்கு வேலையைச் செய்துவிடுகிறது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்ற இருவர், அதுவரை நடந்த 12 ஆய்வுகளிலிருந்து 196 சோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 2019-ல் முடிவு அச்சானது. சாதாரணமாகக் கட்டடத்துக்குள் நடக்கிற காற்றுப் போக்குவரத்துக்கு ஈடாகச் செடி வேலை செய்ய வேண்டுமானால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடி வரை வேண்டும்.

நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம் என்றால் சுமார் 11 சதுர மீட்டர். குறைந்தபட்சம் 110 தொட்டி. கட்டில் போட இடம் கிடையாது. அதிகபட்சக் கணக்கை எடுத்தால் 11,000 தொட்டி. நர்சரியையே வாங்கினாலும் பற்றாது.

ராத்திரி ஆக்சிஜன் கதையும் இதே லட்சணம்தான். அதே ரூம் பத்தடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 34,000 லிட்டர். அதில் ஆக்சிஜன் மட்டும் 7,000 லிட்டர். சும்மா படுத்திருக்கும் ஆள் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வது 360 லிட்டர் அளவு. கதவிடுக்கில் புதுக்காற்றும் வந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் பாம்புச்செடி எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுபட வேண்டும்? நம் நெஞ்சை அடைப்பது ஆக்சிஜன் குறைவு இல்லை. தூசியும் புகையும்.

அந்தத் தூசி என்ன தூசி என்று பார்த்தால்தான் நம் ஊர்ப் பிரச்சினை புரியும். கந்தகம், வெடியுப்பு, கரித்தூள், அலுமினியப் பொடி. பச்சை நிற வெளிச்சத்துக்குப் பேரியம் நைட்ரேட் போட்டார்கள்; அதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்து, 2021-ல் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. நாசாவின் அந்த மூடிய பெட்டிச் சோதனையில் பார்த்தது மூன்று வாயுக்களை. பொடியை அதில் சோதிக்கவில்லை. இலையில் படிகிற தூசி படிந்தபடி கிடக்கும். நீங்கள் துடைத்தால் போகும், ஃபேன் போட்டால் மறுபடி கிளம்பும். இதே வேலையை மேஜை, பீரோ, டி.வி. எல்லாமே சம்பளமில்லாமல் செய்கின்றன.

பட்டாசு வேலை முடிந்து வருகிறவர்களின் கையைப் பாருங்கள். அலுமினியப் பொடி ஏறிய விரல் ரேகைக்குள் வெள்ளிக் கோடு ஓடும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மினுமினுப்பு நிற்கும். அந்தச் சேலையோடு, அந்தச் சட்டையோடு வந்து கைப்பிள்ளையைத் தூக்கினால் மினுமினுப்பு பிள்ளையின் கழுத்துக்கும், அங்கிருந்து தலையணைக்கும் போகிறது. மறுநாள் தலையணை உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும். இதற்கு மருந்து தொட்டியில் இல்லை. வாசலிலேயே, முடிந்தால் ஆலையிலேயே, கை கால் முகம் கழுவி உடுப்பை மாற்றிவிட்டு வருவது. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடாமல் இருப்பது. அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவது. காசு செலவில்லாத வேலை. ஆனால் இதை யாரும் ஸ்டிக்கர் அடித்து விற்க முடியாது என்பதால் எவரும் சொல்வதில்லை.

அச்சகத்துக்காரர்கள் கதை கொஞ்சம் வேறு. காலண்டர் சீசனில் வீட்டை ஒட்டியே மிஷின் ஓடும் தெருக்கள் சிவகாசியில் இருக்கின்றன. ஆப்செட் மிஷினில் ரோலரையும் பிளாங்கெட்டையும் மண்ணெண்ணெய், பெட்ரோலிய வகைக் கரைப்பான்களில் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். அந்த வாடை சுவரைத் தாண்டி அடுக்களைக்குள் வருகிறது. நாசா பெட்டிக்குள் விட்ட வாயுக்களுக்குக் கொஞ்சமாவது உறவு என்றால் இதுதான். ஆனாலும் கணக்கு மேலே சொன்ன கணக்குத்தான். நாலு தொட்டி போதாது, நாற்பதும் போதாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, துடைத்த துணியைப் போட மூடியுள்ள டின் ஒன்று. இவை இரண்டும் செய்வதில் நூறில் ஒரு பங்கைச் செடி செய்யாது.

இனி வருவதை வேகமாகத் தாண்டிப் போகாமல் படியுங்கள். யாருக்குச் சொல்கிறேன் என்று சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியும்.

வீட்டில் வைத்துப் பட்டாசுக்கான கருந்திரி உருட்டுகிறார்கள். மணி மருந்து வைத்திருக்கிறார்கள். ஃபேன்சி ரகத்துக்கான கலவையைப் பின்கட்டில் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறார்கள். பட்டாசு செய்ய லைசென்ஸ், அறைக்கு அறை இடைவெளி, ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்வதெல்லாம் தெரிந்தும் நடக்கிறது. காரணமும் தெரிந்ததுதான்: கூலி போதவில்லை, கடன் இருக்கிறது, தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது. நெடி அடித்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். அதற்காகவே வாசலில் மல்லிகைக் கொடியும் ஜன்னலில் மணி பிளான்ட்டும் வைத்து, வாடை தெரியாமல் பார்த்துக்கொள்கிற வீடுகள் உண்டு.

நெடி தெரியாமல் போனால் மருந்து போய்விட்டதாக அர்த்தமா? அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். பொடி தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். வெடியுப்பும் கூடச் சேர்ந்திருந்தால் அம்மோனியா வாடை வரும், சூடு கூடிக்கொண்டே போகும். தீக்குச்சி வேண்டாம், உராய்வு வேண்டாம். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது தானே பற்றிக்கொள்ளும். மழை பெய்தால் ஆலைகளில் மருந்து வேலையை நிறுத்தச் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்ட மூட்டைக்குப் பக்கத்தில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிய தொட்டியை வைப்பார்களா? வைக்கிறார்கள். தொட்டி கசிகிறது, தட்டு நிரம்பி வழிகிறது, பிள்ளை சொம்பைத் தட்டிவிடுகிறது. கொக்கியில் மாட்டிய தொட்டி அறுந்து மருந்தின் மேல் விழுந்தால் அந்த அடி ஒன்றே போதும்.

திரி வேலை நடக்கும் வீட்டில் அம்மோனியா நெடி, கழிவறை நெடி மாதிரி திடீரென்று அடித்தால், எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு வெளியே தூரமாகப் போய், 101-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். கேஸ் வரும் என்று பயந்து நீங்களே மூட்டையைத் தூக்கிக் கிணற்றில் போட நினைக்காதீர்கள். கேஸில் ஜாமீன் வாங்கலாம்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 40 பேரளவில் போனார்கள். அதில் வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடி வந்தவர்கள் பலர். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டியில் 9 பேர். இவையெல்லாம் ஆலைகளில் நடந்தவை. வீட்டில் நடந்தால் தப்பி ஓடுவதற்கு எதிரெதிரே இரண்டு வாசல்கூட இருக்காது.

ஆலைக்குள்ளும் செடிகொடி சம்பந்தப்பட்ட தப்பு ஒன்று நடக்கிறது. அறைக்குள் புழுக்கம் தாங்காமல், “வெளிய நல்லாக் காத்து வருது” என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மருந்து வேலை செய்வது. விபத்து நடந்த பிறகு எழுதும் அறிக்கைகளில் மரத்தடி வேலை என்று ஒரு வரி அடிக்கடி வரும். மர நிழல் வெயிலைத்தான் தடுக்கும். அறைக்கு அறை விட்ட இடைவெளி எதற்காக என்றால், ஓர் அறை போனால் அடுத்தது நிற்க வேண்டும் என்பதற்காக. நடுவில் மரத்தடியில் பத்துப் பேர் மருந்தோடு உட்கார்ந்தால் அந்த இடைவெளிக்கே அர்த்தம் இல்லை. போர்மேன் சொன்னாலும் உட்காராதீர்கள்.

அடுத்தது கொசு. இந்தப் பக்கம் தண்ணீர் தினமும் வருவதில்லை. டிரம், குடம், தொட்டி என்று பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. ஏற்கெனவே டெங்குக் கொசுவுக்கு விருந்து. அதோடு இப்போது மணி பிளான்ட் பாட்டிலும் சேர்ந்துகொண்டது. வெம்பக்கோட்டை ரோட்டில் தெரிந்த ஒரு மதினி வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் பழைய ஜூஸ் பாட்டிலில் கொடி விட்டிருந்தார். வேர் வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. பாட்டிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வேருக்கு நடுவே கமா போட்ட மாதிரி நெளிந்து நெளிந்து மேலே வருகின்றன, வாலை நீட்டி மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகின்றன. “மதினி, இது என்னன்னு பாத்தீங்களா?” “அது தண்ணியில பொறக்குற பூச்சி தம்பி, செடிக்கு நல்லதாம்ல.” ஏடிஸ் கொசுவின் புழு. முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். தேங்காய் நாரால் உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதை. இல்லையென்றால் மண்ணிலேயே நட்டுவிடுங்கள்.

காற்றுக்காக வாங்கிய செடி வளர்த்த கொசுவை விரட்ட, ராத்திரி கொசுவர்த்தி ஏற்றுவார்கள். கதவு ஜன்னல் சாத்திய ரூமில். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், சீனா, மலேசியா கொசுவர்த்திகளைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு சுருள் எரிந்து தீரும்போது வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமமாக இருந்தது. பிள்ளை தலைமாட்டில் அதை வைத்துவிட்டுக் கால்மாட்டில் பாம்புச்செடி வைத்தால் அது எதை உறிஞ்சும்? கொசுவலை கட்டுங்கள். சீமைக்கருவேல முள்ளை வீட்டுக்குள் வைத்து எரிக்கும் அடுப்புக்கும் இதே பேச்சுத்தான். புகைபோக்கி இல்லாத அடுக்களையில் ஒரு நேரச் சோற்றுக்கு ஏறும் புகையை ஒரு தோப்பே வந்தாலும் வாங்காது.

பூ வைத்தால் காற்று நல்லதாகும் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. மல்லிகை மணம் என்பதே காற்றில் ஆவியாகும் வேதிப்பொருள்களால்தான், லினலூல், பென்சைல் அசிடேட் என்று. நல்ல நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது. இளைப்பு இருப்பவர்கள் தலைமாட்டில் ஒரு பந்து பூவை வைத்துக்கொண்டு ஃபேன் போட்டுப் படுத்தால் இருமல் கிளம்பலாம். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் தொட்டி மண்ணில் பூஞ்சணம் பிடிக்கும், அதன் வித்தும் காற்றில்தான் கலக்கும். நோயாளி ரூமில் தொட்டி வேண்டவே வேண்டாம்.

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொன்று. நர்சரிக்காரர்கள் டைஃபன்பேக்கியா என்று விற்கும், வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச்செடியைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும். இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் இருக்கிறது. மணி பிளான்ட்டிலும் அதே சரக்கு உண்டு. அரளி, மஞ்சள் அரளி விதை எல்லாம் தெக்கத்திச் சீமைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கும் விஷம்தான்.

பசுமைப் பட்டாசு வந்துவிட்டதே, இனிப் புகை எங்கே என்று கேட்பவர்களுக்கு: நாக்பூர் நீரி நிறுவனம் கொடுத்த கலவையில் தூசி சுமார் 30 சதவீதம் குறைகிறது. மீதி அப்படியே வருகிறது. போர்டிகோவில், மாடிப்படிக்கு அடியில், பிள்ளைகள் குனிந்து முகத்தை நீட்டிப் பார்க்கும் பாம்பு மாத்திரையை மட்டும் தயவுசெய்து இந்த வருஷம் வாங்காதீர்கள். புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-ல் அளந்து பார்த்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் புஸ்வாணம் 4,860 மைக்ரோகிராம், கம்பி மத்தாப்பு 10,390 மைக்ரோகிராம் நுண்தூசியைக் கொடுத்தன. சத்தமே போடாத பாம்பு மாத்திரை கொடுத்தது 64,500. இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதித்த அளவு 60. வெடி என்றால் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். இதற்கு மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறோம்.

காசு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போடுங்கள். எதிரெதிர் ஜன்னலில் கொசு நெட் அடியுங்கள், பிறகு பயமில்லாமல் திறந்து வைக்கலாம். தெருவில் லாரித் தூசி கிளம்பும் நேரம், பக்கத்தில் கழிவுப் பேப்பரை எரிக்கும் நேரம் மட்டும் சாத்தினால் போதும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மருந்துக் கலவை வைத்த வீட்டுக்கு இந்த யோசனைகள் பொருந்தாது, அங்கே முதல் வேலை மருந்தை வெளியேற்றுவது, அதற்கும் மேலே சொன்ன 101, 112 நம்பர்தான். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டுவதை விட்டுவிட்டு, தூசி வடிகட்டும் என்-95 முகக்கவசத்தை ஆலையில் கேட்டு வாங்குங்கள். ராத்திரி இளைப்பு வந்து பிள்ளை உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்கினால், விலா எலும்பு உள்ளே இழுத்தால், துளசி கசக்கிக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆடி கழிந்ததும் ஆர்டர் குவியும், வீட்டு வேலையும் கூடும். கார்த்திகை வரை மழையும் உண்டு. பின்கட்டில் மூட்டை இருக்கும் வீடுகளில், தொட்டிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மூட்டையைப் பற்றிப் பேசுங்கள். இன்றைக்கே.